இளக்கம்

வின்னிபெக். மைனஸ் இருபத்தேழு.
பின்கதவைத் திறந்தால்
பட்டாணி என்னை அண்ணாந்து பார்க்கிறது,
வேண்டுமானால் நீ போய்விட்டு வா என்பதுபோல்.

சனிக்கிழமையிலிருந்து நானும் மகிழ்நனும் பேசவில்லை.
காரை விற்பதில் ஆரம்பித்து
எங்கெங்கோ போய்விட்டது.
அவனுக்கு இரவு ஷிஃப்ட், எனக்குப் பகல்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்:

"நாலு தடவை. தண்ணியா."
"கோழி வேகவெச்சேன், உப்பில்லாம. மோந்துட்டுத் திரும்பிக்கிச்சு."
"ஈறு வெளுக்கல. டாக்டர் அதைப் பாக்கச் சொன்னார்."
"சிரிஞ்சுல தண்ணி, பத்து மில்லி. பாதி என் சட்டையில."

அவன் எழுத்து இவ்வளவு சாய்ந்திருக்கும் என்று
எட்டு வருடமாகத் தெரியாது எனக்கு.

நேற்றிரவு
குழைந்த சோற்றை விரல் நுனியில் ஒட்டி
நீட்டியபடியே தரையில் தூங்கிப்போனேன்.
ஏதோ ஈரம்.
விழித்தால், விரல் சுத்தமாக இருந்தது.
பிறகு மூன்று ஸ்பூன், விட்டு விட்டு.

விடிவதற்குள் பனியில் குந்தியது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தாளில் எழுதும்வரை பொறுக்கவில்லை.
"கெட்டியா போயிருக்கு" என்றேன் போனில்.

ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம்.
அப்புறம், ஆறு நாளில் முதல் வார்த்தையாக,
"என்ன நிறம்?"

சொன்னேன்.
நிறத்தை மட்டுமே
வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.