வெள்ளித்தாள் சுற்றிய குழாய்

வைட்டமின் டி பார்க்க எடுத்த ரத்தம்
வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும்.
மஞ்சள் மூடிக் குழாயை
சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாளில் சுற்றி
மேலே எண் ஒட்டுகிறேன்.
வெயில் செய்த பொருளை
வெயிலிடமிருந்து ஒளித்து வைக்கிற வேலை.
மாதம் பதினாலாயிரம்.

ராயபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டு மீன் வாடை,
மூடினால் ஸ்பிரிட் வாடை.
அந்த மே மாதம் இரண்டுமே எனக்கு எட்டவில்லை.
எனக்கும் வந்து போயிருந்தது.

ஆய்வுக்கு நூற்றிருபது பேர்.
மூச்சு வாங்கப் படுத்தவர்கள் பாதி,
இருமிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் பாதி.
ஆளுக்கொரு தாள் நிரப்ப வேண்டும்:
வாரம் எத்தனை முட்டை,
வெயிலில் எத்தனை மணி நேரம்,
வீட்டுக் கூரை எது.

ஐஸ் உடைக்கிற எஸ்தாக்கி
வெயில் கேள்விக்குச் சிரித்தான்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு. பகல்ல தூக்கம்.
வெயிலு என்னப் பார்த்தா
யாருப்பா நீன்னு கேக்கும்."
அவனுக்கு ஒன்பது என்று வந்தது.
முப்பது இருந்தால் போதுமாம்.
கடலுக்கு நூறு அடியில்,
முப்பத்தொன்பது டிகிரி கொதிக்கிற ஊரில்,
ஒன்பது.

கஜலட்சுமி, கொடுங்கையூர், எண் நாற்பத்தேழு.
முகமூடியை விலக்கி விலக்கிப் பதில் சொன்னாள்.
கூரை?
"ஜிங்க் ஷீட்டு."
குடிதண்ணீர்?
"அடிபம்பு. துரு கலர்ல வரும்.
பழைய வேட்டி கட்டி வடிகட்டுவேன்."
மறுநாள் முடிவு வந்தது.
ஜிங்க் எழுபதுக்கு மேல் வேண்டும், நாற்பத்தொன்று.
ஹீமோகுளோபின் ஏழு.
படித்துக் காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது.
அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்,
ஆஸ்பத்திரிக் கூரையை.
"தலைக்கு மேல ஜிங்க்கு கீது,
கொடத்துல இரும்பு கீது.
உள்ள மட்டும் வுடாம
எவன் நிறுத்தி வச்சான்?"

கீழே மருந்துக்கடையில்
ஜிங்க் மாத்திரைக்கு வரிசை.
அவள் மகன் தீனா
ஒன்றரை மணி நேரம் நின்று
ஓர் அட்டை வாங்கி வந்தான். பத்து மாத்திரை.

டாக்டர் நௌஷாத் இரவில் தனக்குத்தானே பேசுவார்.
குறைந்ததால் காய்ச்சல் முற்றியதா,
முற்றியதால் குறைந்ததா?
காய்ச்சல் வந்தால்
ஜிங்க் ரத்தத்தை விட்டு நழுவி
கல்லீரலில் போய்ப் பதுங்கும்,
கலவரத்தன்று கடை ஷட்டர் இறங்குகிற மாதிரி.
போன வருடத்து ரத்தம் இருந்தால் சொல்லிவிடலாம் என்றார்.
போன வருடம் இவர்களிடம் ரத்தம் எடுத்தது
கொசு மட்டும்தான்.

ஜூலையில் படம் போட்டார்கள்.
இடமிருந்து வலமாக
புள்ளிகள் சரிந்துகொண்டே போயின.
ஒன்று மட்டும் சொல்பேச்சு கேட்காமல்
தனியே ஒரு மூலையில் நின்றது.
எண் எண்பத்தெட்டு, மண்ணடி பாத்திமுத்து, அறுபத்தேழு வயது.
எல்லாமே அவருக்குத்தான் அடிமட்டம்.
மூன்றாம் நாள் எழுந்து நடந்து போனார்.
வாசல் வரை போய்த் திரும்பி வந்து
ஃபிளாஸ்க்கின் மூடியைக் கேட்டு
வார்டையே புரட்டி எடுத்தார்.
அந்தப் புள்ளியை என்ன செய்வது என்று கேட்டேன்.
விட்டுவிடு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார் டாக்டர்.

நாற்பத்தேழாம் எண்ணின் தாள்கள் வாங்க
தீனா வந்தான். தலையில் முடி
இப்போதுதான் முளைத்திருந்தது.
கையெழுத்துப் போட்டான்.
படத்தை நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு சட்டைப் பையிலிருந்து
அந்த அட்டையை எடுத்தான்.
நான்கு குழி காலி.

"மீதி ஆறையும்
கடையில திருப்பி எடுத்துப்பாங்களாக்கா?"

தெரியல தம்பி என்றேன்.
ஏதாவது செய்ய வேண்டுமே என்று
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
காலாவதிக்கு
இன்னும் இரண்டு வருடம் இருந்தது.