நாலு எண்

சில்வர் ஓக்கில் மிளகுக்கொடியோடு
பின்னிக் கிடந்த கேபிளை
ஊஞ்சலாடி அறுத்திருந்தன குரங்குகள்.
ஒட்டி முடிக்கையில் மணி நாலரை.
மோடத்தில் பச்சை விளக்கு.

புகாரை மூட
ரெஜினாக்காவின் செல்லுக்கு நாலு எண் வரவேண்டும்.
நாகலூரில் அந்த வீட்டுப் பக்கம்
செல்லுக்கு ஒரு கோடுகூடக் கிடையாது.

நடந்தோம்,
காபிக் காட்டைத் தாண்டிக் குருசடி வளைவுவரை.
மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.
அங்கே நின்றதும்
அக்காவின் செல் தும்ம ஆரம்பித்தது:

‘அன்பு வாடிக்கையாளரே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’
அது போன புதன்.
‘தீர்க்கப்பட்டது.’ வெள்ளி.
‘தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’
ஞாயிறு, பூசை நேரம்.

கடைசியாக அந்த எண்.
சேலத்திலிருந்து சூப்பர்வைசர் என் காதில்:
‘அஞ்சு மணிக்குள்ள மூடுப்பா.’

அக்கா திரையை முந்தானையில் துடைத்து
உதடசைய ஒருமுறை படித்தார்.
‘மனசுல வெச்சுக்கிட்டேன் தம்பி.
வீட்டுக்கு நட. டிவியில படம் ஓடட்டும், சொல்றேன்.’

பத்து நிமிஷம்தான் செல்லும் என்றேன்.

‘அப்ப வேகமா நட.’

பாதி வழியில்
மேலே ஓக் கிளையில் ஏதோ குதித்த சத்தம்.
இருவருமே
அண்ணாந்து பார்க்கவில்லை.