தாண்டா

அவெய்யனேதாவில்
வியாழக்கிழமை மட்டும் கூடைப்பந்து வளையத்தைக்
கயிற்றால் மேலே இழுத்துக் கட்டும் ஒரு கிளப்பில்
பாட்டுப் போடுகிறவள் நான்.

நாலு டேங்கோ சேர்ந்தால் ஒரு தாண்டா.
நாலும் ஒரே வாத்தியக் குழு, ஒரே காலம்,
முடிந்தால் ஒரே குரல்.
யாரோடு எழுந்தாயோ அவரோடுதான், நாலும் தீரும்வரை.
யாரும் தாண்டாத கோடு அது.
நடுவில் நன்றி சொன்னால்
இங்கே அது வசவு.

பிறகு திரை:
அரை நிமிடம், யாராலும் ஆட முடியாத ஏதோ ஒன்று.
இன்றைக்கு, என் அக்கா மகன் ட்ரம்பெட் பழகும் சத்தம்.

பதினொன்றேகால் இருக்கும்.
தூணோரம் நின்ற பௌஸ்தினோ புருவம் உயர்த்தியது
பின்வரிசைப் பச்சை உடைக்கு.
எழுந்ததோ முன்வரிசை ஒதிலியா,
ஆட வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போடுகிறவள்.
கிட்டே வந்த பிறகுதான்
அவளுக்கும் தெரிந்தது.

ஒதிலியாவின் குளியலறை
பௌஸ்தினோவின் கட்டிலுக்கு நேர் மேலே.
ஆறு வருடமாக ஒழுகுகிறது.
ஆறு வருடமாக வக்கீல்கள்தான் பேசிக்கொள்கிறார்கள்.

முதல் பாட்டில் அவர்களுக்கு நடுவே
ஒரு கேஸ் கட்டு நுழையும் இடைவெளி.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே எல்லோரும் நின்று பேசுவார்கள்.
அடுத்தது தொடங்கிய பிறகும் கொஞ்சம் பேசுவார்கள்,
வெக்கை, பஸ் கட்டணம், யாருடைய முட்டியோ.
பௌஸ்தினோ அண்ணாந்து கிளப்பின் கூரையைப் பார்த்தான்.
அங்கேயும் ஓர் ஈரத்திட்டு.
அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

இரண்டாவதில் என்ன ஆயிற்று, தெரியாது.
ஹெட்போனுக்குள் வால்ட்ஸ் தேடிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால் மூன்றாவது.
அவள் நெற்றி அவன் தாடையில்.
பந்தோனியோன் மூச்சிழுக்கும் இடத்தில்
இருவரும் சேர்ந்து நின்றார்கள்,
குழாயை மூடினதுபோல.

நாலாவதாக வைத்திருந்தது சுமாரான பாட்டு.
மாற்றினேன்.
சனிக்கிழமைக் கூட்டத்துக்கென்று ஒளித்துவைத்த ஒன்று.
இதற்கெல்லாம் எனக்குக் கூலி கிடையாது.

ட்ரம்பெட் அலறியது.
முறைப்படி நாற்காலிவரை கொண்டுவந்து விட்டான்.
அவள் பையைத் திறந்து
கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டாள்.
உதட்டசைவில் எனக்கு எட்டியது ஒரே சொல்:
பிளம்பர்.
வேறெதுவாகவும் இருக்கலாம்.
பையன் இன்னும் நன்றாகப் பழகவில்லை.

அடுத்தது வால்ட்ஸ். மூன்றுதான்.
பச்சை உடை அவனையே பார்த்திருந்தது.
பௌஸ்தினோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி
அண்ணாந்தே நின்றான்.