கோடு

உர்போ புதிதாக நட்ட பைன் வேலிக் கம்பங்களில்
செதுக்கிய முகம் ஒவ்வொன்றிலும்
மெல்லிய கோடு ஒன்று புடைத்து நிற்கிறது,
நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு.
பதினோரு கம்பம். எண்ணிவிட்டேன்.

என் கோடரியின் வாயில் பொக்கை.
கோதுமை மணி ஒன்று அதில் உட்காரலாம்.
கயானி மருத்துவமனையில் நான் கிடந்த வாரம்
கொட்டகைக்குப் பூட்டு இல்லை.

ஏரி ஓரத்தில் உறையத் தொடங்கிவிட்டது.
விறகு பாதிகூடப் பிளக்கவில்லை.
கோடரியை இடுக்கியில் கவ்வக் கொடுத்து
அரத்தை எடுத்தேன்.
சக்கரக் கல் வேண்டாம். சூடேறி
விளிம்பில் ஒருமுறை நீலம் பாய்ந்தால்
எஃகு அவ்வளவுதான், வெண்ணெய்.

பொக்கையை நிரப்ப வழியில்லை.
காயம்படாத மிச்ச வாய் முழுவதும்
அதன் ஆழத்துக்கு இறங்கி வர வேண்டும்.
அதுதான் எரிச்சல்.
அடி ஓரிடத்தில், தேய்மானம் எல்லாவற்றுக்கும்.

ஐம்பது தள்ளல். திருப்பிப் போட்டு ஐம்பது.
தையல் பிரித்த இடம் இழுத்தது.
மடியெல்லாம் சாம்பல் நிறத் தூள்.
கோதுமை கடுகாயிற்று,
கடுகு ஊசிமுனையாயிற்று.

அங்கே நிறுத்தினேன்.
காப்பி வைத்துக் குடித்தேன்.
இன்னும் நாலு தள்ளு தள்ளினால்
அந்தக் கம்பங்களை எந்தக் கோடரியும் செதுக்கியிருக்கலாம்.
எடுத்துப் பொருத்திக் காட்ட
என் கையில் ஒன்றும் இருக்காது.

அதே வாரம்
என் நாய் ஹல்லா இளைக்கவில்லை.
ஆம்புலன்சில் ஏறும்போது
அதைப் பார்த்துக்கொள் என்று
நான் யாரிடமும் சொல்லவுமில்லை.

நாலு அல்ல, ஏழு பிடித்தது.
பிறகு கல்லில் எண்ணெய் விட்டு, வட்டம் வட்டமாக.
கட்டை ஒன்றில் ஒரு சிராய் செதுக்கித்
தடவிப் பார்த்தேன்: வழவழ.
ஹல்லா வந்து முகர்ந்தது,
வேலிப் பக்கம் ஓடிவிட்டது.