இருநூற்று ஐம்பத்தைந்துக்குப் பிறகு

காற்று கட்டுக்கடங்காத நாட்களில்
புந்தா அரேனாஸ் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்த நவம்பரிலும் கட்டியிருந்தார்கள்.
படகு போகவில்லை.
நீரிணைக்கு அக்கரையில் போர்வெனீர்,
அங்கே கூட்டுறவுச் சேமிப்பகத்தின் ஒற்றைக் கிளை,
கிளையில் ஒரு கம்ப்யூட்டர்,
அதற்குள் நான் எழுதிய எழுநூறு வரி.

ரவுட்டர் வாங்கப் பணமில்லை என்றார்கள்.
இலவச இயங்குதளம் ஒன்று இருக்கிறது,
அதன் கெர்னலுக்கு பிரேம் ரிலே தெரியாது,
கற்றுக்கொடுக்கிறேன் என்று நான்தான் சொன்னேன்.
வாய் சும்மா இருக்கவில்லை.

பிரேம் ரிலே ஒட்டும் உறவுமாகப் பழகுகிற ஆள் அல்ல.
பழுதான சட்டகம் வந்தால் கீழே போட்டுவிடும்,
யாரிடமும் சொல்லாது.
நெரிசல் என்றால் ஒரு பிட்டை உயர்த்திக் காட்டும்,
பார்த்தால் பார், பாராவிட்டால் போ.
ஒவ்வொரு சட்டகத்தின் நெற்றியிலும்
'இடமில்லையென்றால் என்னை முதலில் எறி' என்று
குறித்துக்கொள்ள ஓர் இடம் உண்டு.
அதை நிரப்பும் வரிக்கு வந்தபோது
காபி ஆறும்வரை கை ஓடவில்லை.
பிறகு எழுதினேன்.

ஒன்றில் மட்டும் கறார்.
பத்து நொடிக்கு ஒருமுறை நாம் கேட்க வேண்டும்:
இருக்கிறாயா?
இருக்கிறேன் என்று சுவிட்ச் சொல்லும்.
ஆறாவது முறை நீளமாகக் கேட்க வேண்டும்:
எந்தப் பாதை உயிரோடு, எது புதிது, எது போயிற்று?
ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண்.

போன்.
"ஒயார்சூன், மறுபடி போச்சு."
விளாஸ்தா இவெலிச், கிளையின் காசாளர்.
அவள் குரலுக்குப் பின்னால் ஓய்வூதிய வரிசையின் இருமல்.
கேபிளைச் சந்தேகித்தேன். மோடத்தை. உப்புக்காற்றை.
தொலைபேசிக் கம்பெனி பார்ரியாவைத் திட்டினேன்,
அவன் பாட்டன் வரைக்கும்.
அதற்குள் இணைப்பு தானே எழுந்து நிற்கும்,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

நான்காம் நாள் அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்,
பணம் கட்டும் சீட்டின் பின்பக்கம் குறித்ததை:
"ஒன்பது நாலு. ஒன்பது நாற்பத்தாறு.
பத்து இருபத்தொன்பது. பதினொன்று பன்னிரண்டு.
காற்றுக்கு மணி பார்க்கத் தெரியாது, ஒயார்சூன்.
உன் பெட்டிக்குத் தெரியுது."

மூன்று இடைவெளி, நூற்றிருபத்தெட்டு நிமிடம்.
ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது நொடி.
ஜன்னல் ஆவியில் விரலால் பத்தால் வகுத்தேன்.
இருநூற்று ஐம்பத்தாறு.
அந்த எண்ணைக் கூட்டத்தில் பார்த்தாலும்
எனக்கு அடையாளம் தெரியும்.

ஒரு பைட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனால்
இருநூற்று ஐம்பத்தைந்துக்குப் பிறகு
பூஜ்யம் தானாக வரும்.
வரவிட்டிருந்தேன்.
அந்த மொழியில் பூஜ்யம் எண் அல்ல.
இப்போதுதான் பிறந்தேன்,
இதற்குமுன் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை
என்று பொருள்.
யாரோ ஒருவரின் ஓய்வூதியத்தைப் பாதி எண்ணி நிறுத்தி
என் பெட்டி அப்படிச் சொல்லியிருக்கிறது.
சுவிட்சும் நம்பி,
இருந்த பாதையைக் கலைத்து,
குழந்தைக்குப் பேர் வைப்பதுபோல்
முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.
ஆவணங்களில் இதற்குப் பெயர்
நிலையான சுற்று.

ஒரே வரி: பூஜ்யமானால் ஒன்றாக்கு.
மாற்றக் குறிப்பில், கண்டுபிடித்தவர் வி. இவெலிச் என்று போட்டேன்.
டென்மார்க்கிலிருந்து ஒருவர் ஆண்டுகள் கழித்தும்
அவளுக்கு, என் முகவரிக்கு, எழுதிக்கொண்டிருந்தார்,
மரியாதையாக,
நெரிசல் பிட் பற்றி அவள் கருத்து என்னவென்று.

பிறகு போன் அடிக்கவில்லை.
கயிறுகளை அவிழ்த்தார்கள். படகு போனது, வந்தது.
எடுத்து வைத்துப் பார்த்தேன் ஒருமுறை,
டயல் ஓசை இருந்தது.

பதினொன்றாம் நாள்:
"ஒயார்சூன், பிரிண்டர் மை கக்குது."
பிரிண்டர் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.
அதை அவளிடம் சொல்லவில்லை.
மூடியைத் திறக்கச் சொன்னேன், மூடச் சொன்னேன்,
அங்கே காற்று எப்படி என்று கேட்டேன்.
எவ்வளவு நேரம் என்றால்,
அன்று நான் எண்ணவில்லை.