வரிசை எண் ஏழு

மார்த்தாண்டத்தில் தகரக் கூரைப் பட்டறை.
தேன் சூடாக்கும் பெட்டி செய்கிறோம்,
இருபது லிட்டர், நாற்பத்தைந்து டிகிரி.
சூடு மிஞ்சினால் தேன் செத்துப்போகும் என்பார்கள் தேன்காரர்கள்.
மனிதர்களைப் பற்றிக் கேட்பது
இந்தப் படிவம் மட்டும்தான்.

சுவிட்சுக்கு முத்திரை உண்டு.
ஒயருக்கும் உண்டு;
முழத்துக்கு ஒருமுறை
தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும்.
ஏழாவது, தெர்மோஸ்டாட்.

மாசியில் ரப்பர் தளிர்த்துத் தேன் வடிந்த நேரம்
கம்பெனிச் சரக்கு வரவில்லை.
விஜின் திருவனந்தபுரம் போய்
ஒரு பை நிறைய வாங்கி வந்தான்.
பெட்டி இல்லை, பெயர் இல்லை.
"எடி டெல்பினே, அதே அளவாக்கும், அதே துளையாக்கும்.
பொருந்தும் பாரு."

பொருந்தியது.
பொருந்தாமல் போயிருக்கலாம்.

சோதனைச் சாலைக்குப் போகும் பெட்டியில்
நல்லதை வைத்துவிட்டோம்.
அது தேறும்.
அதன் சான்றிதழை நகலெடுத்து
பதினெட்டுப் பெட்டிகளுக்கும் ஒட்டலாம்,
ஏற்கெனவே குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை என்று
போய்விட்ட பதினெட்டுக்கும்.

"மேற்கண்ட உறுப்புகளன்றி வேறெதுவும் பயன்படுத்தவில்லை."
கீழே கையெழுத்துக்கு இடம்.
அதற்கும் கீழே என் பதவி: தரம்.

அருமனை தங்கபாயைப் போனில் கூப்பிட்டேன்.
"நல்ல பெட்டியாக்கும் மோளே.
ராத்திரி போட்டுட்டு ஒறங்குவேன்,
காலையில தேனு தெளிஞ்சிருக்கும்."

பேனாவை மூடினேன்.
டெஸ்டர், திருப்புளி,
கம்பெனி முத்திரையுள்ள தெர்மோஸ்டாட் நான்கு.
கையிருப்பு அவ்வளவுதான்.
விஜின் எதுவும் கேட்கவில்லை,
ஷட்டரைப் பாதி தூக்கிப் பிடித்தான்.

அருமனை பஸ் ஆறு நாற்பதுக்கு.
இன்றிரவு அவள் சுவிட்சைத் தட்டுமுன்
போய்ச் சேர வேண்டும்.