கால் டாங்க்

செவ்வாய் காலை வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கூம்பு.
அதன் வாய்க்குள் நாங்கள் இருந்தோம்.
மதியம் இல்லை.
ராத்திரி மறுபடி இருந்தோம்.

க்ளோவிஸ் சொன்னான்:
போன தடவை ஓடினோமே, என்ன ஆயிற்று?
பேட்டன் ரூஜ் சாலையில் பதினொரு மணி நேரம் நின்று
மோட்டலில் நாய்க்கும் சேர்த்து வாடகை கொடுத்து
திரும்பி வந்தால்
தூறல்கூட விழாத புல்வெளி,
எவனோ கழற்றிக்கொண்டு போன ஜெனரேட்டர்.

நான் சொன்னேன்:
அதற்கு முந்தின தடவை ஓடவில்லையே.
அவன் பதில் சொல்லவில்லை.
வெளிப்படிக்கட்டில் ஒன்பதாம் படியைப் பார்த்தான்.
தண்ணீர் நின்ற கோடு
மூன்று முறை பெயின்ட் அடித்தும்
மேலே வந்துவிடுகிறது.

வாக்குவாதம் என்று சொல்ல முடியாது.
நான் பெட்டியில் அடுக்குவேன்;
அவன் பல் துலக்க வந்து பிரஷ்ஷை வெளியே எடுப்பான்.
ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பான்;
சமையலறை ஜன்னலை மட்டும் விட்டுவிடுவான்,
எனக்கு வெளிச்சம் வேண்டுமாம்.
எல்லாம் பழைய பலகைகள்.
ஒன்றில் 'இடது படுக்கையறை',
ஒன்றில் போன புயலுக்கு அவன் எழுதிய வசவு.

காரில் கால் டாங்க் பெட்ரோல்.
வங்கியில் நாற்பத்தொரு டாலர்.
சம்பளம் வெள்ளிக்கிழமை.
புயல் வியாழக்கிழமை.
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு
இன்னும் ஏன் கிளம்பவில்லை என்கிறார் டிவிக்காரர்.
நீ வந்து நிரப்பு என்றேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
புதன் விடியற்காலை, காபி பொங்கும்போது,
கிழக்கே போ, கிழக்கே போ என்று
அந்தப் புயலிடம் கெஞ்சினேன்.
கிழக்கே என் தங்கை ஒடெட் இருக்கிறாள்,
இரட்டைக் குழந்தைகளோடு,
சக்கரம் வைத்த வீட்டில்.
தெரிந்துதான் கெஞ்சினேன்.

மதியம் ஷெரீப் ஆபீஸிலிருந்து டூஹோன் வீட்டுப் பையன் வந்தான்.
போன வருஷம்வரை இறால் படகில் இருந்தவன்,
சீருடை இன்னும் உடம்பில் ஒட்டவில்லை.
கட்டாய உத்தரவு என்றான்.
இழுத்துக்கொண்டு போக மாட்டோம் என்றான்.
காற்று ஐம்பதைத் தாண்டினால்
கூப்பிட்டாலும் வர மாட்டோம் என்றான்.
பிறகு பையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து நீட்டினான்.
இருக்கப் போகிறவர்கள்
பெயரும் பிறந்த தேதியும் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.
அழியாத மை.

க்ளோவிஸ் வாங்கிக்கொண்டான்.
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து
மளிகைப் பட்டியல் எழுதுகிற அசிரத்தையோடு
இடது கையில் எழுத ஆரம்பித்தான்.
மயிர் அடர்ந்த கை; மை திக்கித் திக்கிப் போனது.
பெயர் முடிந்து, மாதம் முடிந்து, தேதியில் இருந்தபோது
ரெமி வந்தான். ஆறு வயது.
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு
தன் கையை மேசைமேல் வைத்தான்.
எனக்கும். பெரிசா எழுது.
கீழே ஒரு முதலை.

ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடி நின்றது.
க்ளோவிஸ் மார்க்கருக்கு மூடி போட்டான்.
சரியாக மூடவில்லை என்று நினைத்தோ என்னவோ
மறுபடி ஒருதரம் அழுத்தினான்.

பிறகு எல்லாம் வேகம்.
எதிர்வீட்டு ஆல்சிட் தன் சின்னப் படகிலிருந்து
ஐந்து கேலன் உறிஞ்சிக் கொடுத்தார்.
அவர் வரவில்லை.
என் மூன்று ஆட்டுக்கும் எவன் மோட்டல் கொடுப்பான் என்றார்.
சிரித்தோம்.
சிரித்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஃப்ரீசரில்
உறைந்த ஒரு கோப்பைத் தண்ணீர்மேல்
கால் டாலர் நாணயம் வைத்தேன்.
திரும்பும்போது மேலேயே இருந்தால்
கரன்ட் போகவில்லை, இறாலைச் சாப்பிடலாம்.
அடியில் கிடந்தால் கொட்டிவிட வேண்டும்.
ஃப்ரீசரே இல்லையென்றால்
என்ன அர்த்தம் என்று யாரும் சொன்னதில்லை.

சாலையின் இரண்டு பாதியிலும்
கார்கள் வடக்கே மட்டும் போயின.
ஸ்டியரிங்மேல் க்ளோவிஸின் இடது கை:
பெயர், மாதம், தேதி. ஆண்டு இல்லை.
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்,
போகவில்லை.
கூம்பு கிழக்கே நகர்கிறது என்றது ரேடியோ.
ஒடெட்டுக்கு போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.